நேற்றைப் பற்றிப் பத்து வாக்கியங்கள்

வேம்பு அத்தை ஈரத்துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கி முக்கி, பெஞ்சில் கிடத்தியிருந்த சிந்தாமணியின் வலது கை விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இருந்த வெங்காய மண் போய்விட்டது. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒட்டியிருந்த நீலம் மட்டும் போகவில்லை.

"விடுங்க அத்த. அது அழுக்கில்ல, பேனா மை," என்றாள் இலக்கியா.

"மையாவது மண்ணாவது. மஞ்ச குங்குமத்தோட போறவ. வெரலு இப்படி நீலமா கெடந்தா பாக்குறவங்க பூச்சி கடிச்சிருச்சோன்னு கேக்க மாட்டாங்களா?"

இலக்கியா அம்மாவின் கையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் திருச்சி பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்து அவள் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊர் அதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. அழ வேண்டிய இடத்தில் கோபம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

கோபத்துக்கான காரணம் பந்தல்காலில் சாய்ந்துகொண்டு போன் பேசிக்கொண்டிருந்தது. அவளுடைய சித்தப்பா சின்னதுரை.

"ஆமாங்க, விடியக்காலம்தான். அடுப்பு பத்த வைக்கப் போனவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க. ஒரு நோய் நொடி கெடையாதுங்க. எல்லாம் அந்த இங்கிலீஷ் பரிச்சதான். இந்த வயசுல படிச்சிப் படிச்சி, பயத்துலயே நெஞ்சடைச்சிப் போச்சு. நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

காலையிலிருந்து இது எத்தனையாவது போன் என்று தெரியவில்லை. முதல் போனில் 'பரிச்ச பயமோ என்னவோ' என்றிருந்தது. பத்து மணிக்குள் 'பயந்தான்' என்று ஆனது. இப்போது அந்தப் பக்கம் யாரோ நம்பாமல் கேட்டிருக்க வேண்டும், "டாக்டரே சொல்லிட்டாருங்க" என்றார் சித்தப்பா. எந்த டாக்டர்? இந்த வாசலுக்கு டாக்டர் என்று ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்ததோடு சரி.

இதில் ஒருத்தருக்கும் வருத்தம்கூட இல்லை என்பதுதான் இலக்கியாவுக்குத் தாங்கவில்லை. வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, உட்கார்ந்து, அந்தக் கதையைக் கேட்டு, பாதி உதட்டால் சிரித்தார்கள். நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பு எழுதப் போனாளாமே என்றார்கள். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் ஏ பி சி டியா என்றார்கள்.

சிந்தாமணிக்கு ஏ பி சி டி எல்லாம் எப்போதோ தெரியும். அந்தக் காலத்திலேயே பத்தாவது எழுதியவள். எல்லாப் பாடமும் தேறி, இங்கிலீஷில் இருபத்தொன்பது. ஆறு மார்க்குக்காக அவள் முப்பது வருஷம் அடுப்படியில் நின்றாள். அதில் பதினேழு வருஷம் சொந்த அடுப்பில் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்துச் சத்துணவு மைய அடுப்பிலும். உதவியாளர் என்று பேர். குழம்பு கிளறுவது, முட்டை உரிப்பது, அண்டா கழுவுவது. இந்த வருஷம் அமைப்பாளர் அம்மா ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டு வந்தன்றைக்கு, அம்மா போனில் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தது இலக்கியாவுக்கு இன்னும் காதில் இருந்தது.

"ஏண்டி, இவங்களுக்கு இன்னைக்கி நடக்குறது ஒழுங்காத்தான் இருக்கு. நாளைக்கி நடக்கப்போறதும் ஒழுங்காத்தான் இருக்கு. நேத்து நடந்தத மட்டும் ஏண்டி இப்படிக் கோணலா எழுதிவச்சிருக்கான் வெள்ளக்காரன்? எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு 'டு' போட்டா கொறைஞ்சா பூடுவான்?" என்பாள் அம்மா போனில்.

இறந்தகாலம்தான் அவளுக்கு எமன். கோவுக்கு வென்ட். ஈட்டுக்கு ஏட். கட்டுக்குக் கட்டேதான், நேற்று வெட்டினாலும் நாளைக்கு வெட்டினாலும் ஒன்றுதான். வெங்காயத் தாள் அரியும்போது வாயில் அது ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் தாள் அரியும் பொம்பளைகள், 'என்னாடி முணுமுணுங்குற, மந்திரமா' என்பார்கள்.

இலக்கியா அவளுக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்திக் கொடுத்திருந்தாள். தினம் சாயங்காலம், நேற்று நடந்ததைப் பத்து வாக்கியமாக இங்கிலீஷில் எழுத வேண்டும். நோட்டை போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். திருச்சி ஜவுளிக்கடையில் பில் போடும் இலக்கியா, டீ குடிக்கும் இடைவேளையில் தப்பான வினைச்சொல்லை எல்லாம் சிவப்பில் சுழித்து, சரியானதை மேலே எழுதித் திருப்பி அனுப்புவாள். அதைப் பார்த்து அம்மா தன் நோட்டில் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொள்வாள். மூன்று மாதமாக ஒரு நாள் தவறியதில்லை.

அந்த நோட்டைத்தான் வேம்பு அத்தை இப்போது கொண்டுவந்தாள். பாய், தலையணை, பழைய புடவைகளோடு சேர்த்து இடுக்கியிருந்தாள்.

"இதையும் கூடவே வச்சி அனுப்பிடுவோம். குடும்பத்தையே கெடுத்த நோட்டு."

இலக்கியா எழுந்த வேகத்தில் அத்தை ஓரடி பின்னால் போனாள்.

"குடுங்க அத. கை வச்சீங்க, அப்பறம் நான் என்னா பேசுவேன்னு எனக்கே தெரியாது."

"நல்லதுக்கு காலமில்ல," என்று அத்தை நோட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

வாசலெல்லாம் வெங்காய வாடை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் விட்டுப் பறித்த வெங்காயம், தாள் அரிந்தது பாதி, அரியாதது பாதி, களத்தோரம் குவிந்து கிடந்தது. அதை மூடியிருந்த தார்ப்பாயைத்தான் உருவிப் பந்தல் கட்டியிருந்தார்கள். காலையில் வியாபாரியின் வண்டி தெருமுனை வரைக்கும் வந்து, கொட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா பெரியசாமி அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி போனில் சொல்வதெல்லாம் அவர் காதிலும் விழத்தான் செய்தது. ஒரு தடவைகூட அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. 

அவள் நோட்டைப் பிரித்தாள். எழுதியிருந்த கடைசிப் பக்கம். மேலே முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையின் தேதி. 'நேற்று' என்று தலைப்பு, சனிக்கிழமை நடந்தவை. முதல் இரண்டு வரியைத் தாண்டி மூன்றாவது வரிக்கு வந்தாள். நான்காவதுக்கு வந்தாள். ஐந்தாவதை முடிப்பதற்குள் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள், பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் தெருவில் கொட்டு உரத்தது. "கோடி வந்துருச்சு, பொறந்த வூட்டுக் கோடி வந்துருச்சு," என்று பொம்பளைகள் எழுந்தார்கள்.

வாழ்க்கைப்பட்டவள் செத்துப்போனால் பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் பிணத்தை எடுக்க முடியாது. அதைப் போர்த்துவதற்கு முன்னால் அண்ணன் தம்பிமார் ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் சரியாக இருந்தால்தான் கோடி விழும். சரியில்லாவிட்டால் எத்தனை மணியானாலும் பிணம் வாசலிலேயே கிடக்கும். பெரும்பாலும் ஒப்புக்குக் கேட்கிற கேள்விதான் அது. இருந்தாலும் கேட்காமல் யாரும் விடுவதில்லை.

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள். முன்னால் தாம்பாளத்தில் கோடிச் சேலையோடு வந்தவர் சிங்காரவேலு, சிந்தாமணிக்கு மூத்தவர், ஒரே அண்ணன். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் தாம்பாளம் அவர் கையில் ஆடியது. பக்கத்தில் நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர் அழுது முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியசாமியின் பக்கம் திரும்பினார்.

"எப்புடி மாப்ள ஆச்சு?"

பெரியசாமி வாயைத் திறந்தார். அதற்குள் சின்னதுரை முன்னால் வந்து நின்றார்.

"நான் சொல்றேன் மாமா. அண்ணி பரிச்சக்கிப் படிச்சாங்க, ஒங்களுக்கே தெரியும். ராத்திரி பகல்னு பாக்காம படிப்பு. பயம் புடிச்சிக்கிச்சு. பொழுது விடியுறப்ப..."

"பொய்யி," என்றாள் இலக்கியா.

கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"நீ சும்மா இரு பாப்பா. பெரியவங்க பேசுறோம்."

"பெரியவங்க பேசுறதத்தான் காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன் சித்தப்பா. எங்கம்மா பயந்தாங்கொள்ளின்னு ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டீங்க. எங்கம்மா எப்புடி செத்துச்சுன்னு எங்கம்மாவே எழுதிவச்சிருக்கு. மாமா, நீங்க கேளுங்க. நான் படிக்கிறேன்."

அவள் நோட்டைத் தூக்கிப் பிடித்தாள்.  இங்கிலீஷில் ஒரு வரி, உடனே தமிழில் ஒரு வரி என்று படித்தாள்.

"ஒண்ணு. நேத்து நான் நாலு மணிக்கு எந்திரிச்சேன். ரெண்டு. பன்னெண்டு பேருக்கு சோறாக்கிட்டு வெங்காயம் பறிச்சேன். மூணு. எனக்கு நெஞ்சுல வலி வந்துச்சு. நாலு. அவருகிட்ட சொன்னேன். அஞ்சு. வாய்வுன்னு சொன்னாரு. ஆறு. ஓமத்தண்ணி குடுத்தாரு."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஓமத்தண்ணி கொடுக்காத வீடு அங்கே ஒன்றுகூடக் கிடையாது. பொம்பளைக்கு நெஞ்சில் வலித்தால் அது வாய்வு. தோளில் வலித்தால் சுமை தூக்கியதால். வேர்த்துக் கொட்டினால் வெயிலால். இந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"ஏழு. டவுனுக்குப் போயி காட்டலாமான்னு கேட்டேன். திங்கக்கெழம வெங்காயத்த வண்டி ஏத்திட்டுப் போவலாம்னாரு. எட்டு. கொழுந்தனாரு, பரிச்ச இன்னும் ஒரு மாசம் இருக்கே, இப்பவே நெஞ்ச புடிக்குதான்னு சிரிச்சாரு."

சின்னதுரை, "வெளையாட்டுக்கு ஒரு வார்த்த சொன்னது..." என்று ஆரம்பித்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஒம்போது. ராத்திரி முழுக்க நான் தூங்கல."

இலக்கியா நோட்டை மூடினாள். அவள் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. எல்லாக் கண்ணும் இப்போது பெரியசாமியின் மேல் இருந்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவர் அதையும் செய்யவில்லை.

சிங்காரவேலு கையை நீட்டினார். "குடு பாப்பா, பாப்பம்."

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தங்கையின் கையெழுத்து தெரியும். அவர் பக்கத்தைத் தேடிப் பிரித்து, ஒன்று, இரண்டு என்ற எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கீழே வந்தார்.

"பத்துன்னு போட்டு ஒண்ணு இருக்கே. அது என்னா?"

ஒன்பதாவது வரியோடு அவள் கண் நின்றுவிட்டிருந்தது. நோட்டை வாங்கினாள். பத்தாவது வரி சின்னது. அதில் ஒரே ஒரு வினைச்சொல். அம்மா முதலில் 'திங்க்டு' என்று எழுதியிருந்தாள். அது அடிக்கப்பட்டு, மேலே சிவப்பில் 'தாட்' என்று இருந்தது.

இலக்கியா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஏழேகால் மணி. கடையின் பின்படி. ஒரு கையில் டீ. மாசக் கடைசிக் கூட்டம், மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். படம் வந்தது. அவள் விரலால் சுழித்தாள். 'ஃபீல்டு' இல்லை, 'ஃபெல்ட்'. 'டெல்டு' இல்லை, 'டோல்ட்'. 'கிவ்டு' இல்லை, 'கேவ்'. 'திங்க்டு' இல்லை, 'தாட்'. கீழே பத்துக்கு ஆறு என்று போட்டு, 'சூப்பர்மா, வெர்ப் மட்டும் கவனி' என்று எழுதி அனுப்பினாள். ஒரு கட்டைவிரல் படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

"என்னா பாப்பா போட்டிருக்கு?"

"பத்து," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "பத்து. என் மகள்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி ஓவென்று அழுதாள். சிங்காரவேலு மட்டும் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செவப்பா கிறுக்கியிருக்கே. இது யாரு போட்டது?"

டியூஷன் வாத்தியார் என்று சொல்லிவிடலாம். அம்மாவே திருத்திக்கொண்டாள் என்றும் சொல்லலாம். பார்த்தால் அதுவும் அம்மாவின் கைதான், பொய்கூட இல்லை. பந்தல் முழுவதும் இப்போது அவள் பக்கம் இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தையில் அப்படியே இருந்துவிடலாம். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மாமா. அம்மா ஞாயித்துக்கெழம சாயங்காலமே இத எனக்கு அனுப்பிருச்சு. நான் தப்பு மட்டும் திருத்திட்டேன். என்னா எழுதிருக்குன்னு படிக்கல."

சின்னதுரைக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா மாமா? மவளுக்கே தெரிஞ்சிருக்கு. இதுல எங்க மேல மட்டும் பழியப் போட்டு, சபையில வச்சி..."

"நீ வாய மூடுறா," என்றார் சிங்காரவேலு. சத்தம் போடவில்லை. "அது ஒத்துக்கிச்சு. நீ இன்னும் ஒத்துக்கல."

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கோடிச் சேலையைப் பிரித்துத் தங்கையின் மேல் கழுத்துவரை போர்த்தினார். ஓரத்தைச் சரிசெய்யும்போது வலது கையை மட்டும் வெளியே எடுத்துவைத்தார். அந்த நீலத்தை அவரும் பார்த்திருக்க வேண்டும். பிறகு பெரியசாமியின் பக்கம் திரும்பாமலே, "தூக்குங்க," என்றார்.

தெருமுனையில் கொட்டு திரும்பி மறைந்த பிறகுதான் இலக்கியா அழுதாள். வேம்பு அத்தைதான் வந்து தாங்கிப் பிடித்தாள். வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு ஆம்பளைகள் திரும்பிய காலையில், வெங்காயக் குவியலின் அடியில் ஈரம் கோத்து அழுகல் வாடை வரத் தொடங்கியிருந்தது. பெரியசாமி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நல்லதை வேறாகவும் கெட்டதை வேறாகவும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். இலக்கியா நடைப்படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். இந்த மூன்று நாளில் அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் படித்திருந்தாள், வினைச்சொல்லைப் பார்க்காமல். மாடு கன்று போட்டது இருந்தது. முட்டை ஒன்று கெட்டுப்போய் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தது இருந்தது. பெரம்பலூருக்குப் போன அப்பா யாரும் சொல்லாமலே இரண்டு நோட்டு வாங்கிவந்தது ஏழாவது பக்கத்தில் இருந்தது. அதில் அம்மா 'பைடு' என்று எழுதி, இலக்கியா 'பாட்' என்று திருத்தியிருந்தாள். சோற்றில் உப்பு இல்லை என்று அவர் தட்டைத் தள்ளியதும் இருந்தது.

அப்பாவும் அவளும் மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அதுல வேற எங்கயாச்சும் என்னப் பத்தி எழுதிருக்காளா?"

"இருக்கு."

"என்னான்னு எழுதிருக்கா?"

ஏழாவது பக்கம் அவளுக்கு மனப்பாடமாகவே தெரியும். நாக்கு வரைக்கும் வந்தது. சொல்ல மனசு வரவில்லை. அந்த ஓமத்தண்ணியை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை. அவருக்கு ஒரு நல்ல வார்த்தையைப் படித்துக் காட்டும் அளவுக்கு அவள் இன்னும் பெரிய மனுஷி ஆகிவிடவில்லை. தனக்கே அப்படி ஒரு நல்ல வார்த்தையை யாரும் படித்துக் காட்டாதபோது.

"நீயே பாத்துக்க," என்று நோட்டை நீட்டினாள்.

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து வாங்கினார். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். இது அவருக்கு வெறும் கோடு. கொஞ்ச நேரம் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல எது நானு?"

 இலக்கியா எட்டி, ஒரு வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தாள்.

"ஏணி மாரி ஒரு எழுத்து. ஒட்டுனாப்புல சின்னதா சுழிச்ச ஒண்ணு. ரெண்டும் சேந்தா 'ஹீ'. அது வந்தா நீ."

அவர் தலையாட்டினார். குவியலின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நோட்டைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனார். மண்ணேறிய ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது, அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு அடுத்த ஏணியைத் தேடிக்கொண்டு கீழே போனது.